மழைக் கட்டத்தில் பால்வண்டி

அடி அண்ணாமலை
1 ஜூன் 2025

அறிவுச்செல்வன் அவர்களுக்கு,

உங்கள் கடைசிக் கடிதத்தில் முக்கால் பக்கம் மன்னிப்பும் ஒரே ஒரு வரிப் புகாரும் இருந்தன. மன்னிப்புக்கு நான் பதில் எழுதுவதாக இல்லை. புகாருக்கு எழுதுகிறேன்.

மூன்று மாதக் கப்பல் வேலை, வந்ததும் சென்னைக்குக் குடி போகிறோம், நீ விட்ட வேலையில் மறுபடி சேரலாம், அதுவரை அம்மாவுக்குத் துணையாக இரு என்றீர்கள். நம்பினேன். இப்போது ஆறாவது மாதம். முதலாளி கடனை வைத்துவிட்டுத் தலைமறைவாகிவிட்டான். கப்பலைத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிறுத்திவிட்டார்கள். மாற்று ஆள் வராமல் யாரும் இறங்கக் கூடாதாம். இதில் எதுவும் உங்கள் தப்பில்லை. ஆனால் ஆட்களை இப்படி நட்டாற்றில் விடும் கம்பெனி அது என்று ஏறுவதற்கு முன்பே உங்களுக்குத் தெரியும். உங்கள் சிநேகிதர் கலையரசன் எச்சரித்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை நீங்கள். அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

போதாததற்கு என் பையில் இருந்த கையடக்க வீடியோ கேம் கருவியையும் கேட்காமல் எடுத்துப் போயிருக்கிறீர்கள்.

ஆகவே ஓர் ஏற்பாடு. இனி அந்தக் கருவியைப் பற்றி மட்டும் எழுதிக்கொள்வோம். ‘நலம், நலமறிய ஆவல்’ எல்லாம் வேண்டாம். நீங்கள் சொல்லும் நலத்தில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

புகாருக்கு வருகிறேன். விளையாட்டில் மழை வந்தால் பால்வண்டி நொண்டுகிறது என்கிறீர்கள். அந்த விளையாட்டு இருபது வருடத்துக்கு முந்தைய, டிவியில் மாட்டி ஆடும் பெட்டிக்காகச் செய்தது. அதை உங்கள் உள்ளங்கையில் ஓட்டுவது எமுலேட்டர் என்ற நிரல். பழைய பெட்டியைப் போல வேஷம் கட்டி ஆடுகிறது. அந்த வேஷத்தில் ஒரு பங்கு நான் சனி, ஞாயிறுகளில் உட்கார்ந்து எழுதியது. மழையின் ஒவ்வொரு கோட்டுக்கும் பின்னால் இருக்கும் வீடும் மரமும் தெரிய வேண்டும். அதைக் கணக்குப் போடுவதற்குள் அந்தச் சின்னக் கருவிக்கு மூச்சு முட்டுகிறது. அமைப்புகளில் படத்தின் அளவை இரண்டு மடங்காக வைத்திருப்பீர்கள். ஒன்றாகக் குறையுங்கள். படம் கொஞ்சம் சொரசொரப்பாகத் தெரியும். வண்டி ஓடும்.

மதிவதனி


கப்பலிலிருந்து
8 ஜூன் 2025

அன்புள்ள மதி,

ஏற்பாட்டுக்குச் சம்மதம். இனி கருவியைத் தவிர வேறு பேச்சில்லை.

கருவி தற்போது என் கட்டிலில் இருக்கிறது. கட்டிலுக்கு மேலே ஒரு வட்ட ஜன்னல். வெயில் திரையில் விழுகிறது என்று லுங்கியைக் கட்டி மறைத்திருக்கிறேன். லுங்கியை விலக்கினால் துறைமுகத்தின் கிரேன்கள் தெரியும். அங்கே போய் ஒரு சிம் கார்டு வாங்க வழியில்லை. கேப்டன் அறைக் கணினியின் மெயில்தான் எங்களுக்குக் கதி. இதுவும் கருவியைப் பற்றியதுதான், லுங்கி சம்பந்தப்பட்டிருக்கிறதே.

நீ சொன்னபடி அளவைக் குறைத்தேன். மழைக் கட்டம் இப்போது நன்றாக ஓடுகிறது. ஆனால் ஒரு தெருவுக்குள் முதல் தடவை நுழையும்போது வண்டி சிலை மாதிரி நின்றுவிடுகிறது. அதே தெருவுக்கு மறுபடி போனால் நிற்பதில்லை. கருவியை அணைத்துவிட்டுத் தொடங்கினால் பழையபடி நிற்கிறது.

சமையல்காரர் முருகையன் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். கடலூர்க்காரர், சர்க்கரை வியாதிக்காரர், வாய் ஜாஸ்தி. நான் வண்டியைத் திருப்பினால் போதும், “தம்பி, அந்தப் பச்ச வூட்டுக்கு இன்னும் பால் ஊத்தல பாரு” என்பார். அந்த வீட்டில் நிஜமாகவே குழந்தை அழுதுகொண்டிருப்பதாக அவருக்கு எண்ணம். கருவியைப் பார்வையிடுபவர் என்ற முறையில் அவரைப் பற்றி எழுதுகிறேன்.

நீ நலமா என்று கேட்கவில்லை, கவனித்தாயா?

உன் அறிவு


அடி அண்ணாமலை
11 ஜூன் 2025

அறிவுச்செல்வன் அவர்களுக்கு,

‘நன்றாக ஓடுகிறது’ என்பது தகவல் இல்லை, அபிப்பிராயம். கருவியின் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு தோள் பட்டன்களையும் சேர்த்து அழுத்திப் பிடியுங்கள். திரையின் மூலையில் ஓர் எண் வரும். வினாடிக்கு எத்தனை படம் என்று அர்த்தம். முப்பது வந்தால் முழு வேகம். இனி எண்ணைப் பார்த்து எழுதுங்கள்.

வண்டி சிலையாவதற்குக் காரணம் இருக்கிறது. பழைய பெட்டியின் கட்டளைகளை இந்தக் கருவிக்குப் புரியும்படி மொழிபெயர்த்துக்கொண்டே ஓட வேண்டும். புதிய தெரு என்றால் புதிய கட்டளைகள். மொழிபெயர்த்ததை எழுதி வைத்துக்கொள்ளாமல், அணைத்ததும் மறந்துவிடுகிறது. மெமரி கார்டில் எழுதி வைத்துக்கொள்ளும்படி மாற்றியிருக்கிறேன். கோப்பு இத்துடன். உங்கள் கப்பல் மெயில் பெரிய கோப்பை விழுங்காது என்பதால் மாற்றிய பகுதியை மட்டும் அனுப்புகிறேன்.

கோப்பு தாமதமானதற்கு நான் பொறுப்பில்லை. நேற்று மத்தியானத்திலிருந்து பௌர்ணமி கிரிவலக் கூட்டம். வாசலில் கால் வைக்க இடமில்லை, நெட்டும் நகரவில்லை. பால் வாங்கக்கூட வெளியே போக முடியாமல் வாசற்படியில் நின்றேன். அத்தை பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, “ஊரு சனமெல்லாம் நம்மளச் சுத்தி வந்து வூடு போய்ச் சேந்துடுது. நாமதான் நடுவுல நின்னுகினே கெடக்குறோம்” என்றார். உங்கள் அம்மா பேசியது கருவியைப் பற்றியது அல்ல. கவனக்குறைவாக எழுதிவிட்டேன்.

மதிவதனி


கப்பலிலிருந்து
29 ஜூன் 2025

அன்புள்ள மதி,

எண்களோடு வந்திருக்கிறேன். மழைக் கட்டத்தில் முன்பு பதினேழு. இப்போது இருபத்தாறு. தெருமுனையில் சிலையாவது நின்றேவிட்டது. நீ மாற்றியதை ஏற்றியதும் முருகையன் அண்ணன், “இன்னா தம்பி, வண்டிக்கு இஞ்சின் மாத்திட்டியா?” என்று கேட்டார். என் வீட்டுக்காரி மாற்றினாள் என்றேன். அவர் எழுந்து கும்பிட்டார். கும்பிட்டது கருவியை நோக்கித்தான்.

இப்போது வேறு குறை. சார்ஜ் நிற்பதில்லை. டீசல் கம்மியானதால் ஜெனரேட்டரைச் சாயங்காலம் கொஞ்ச நேரம்தான் போடுகிறோம். அதற்குள் மெயில், சமையல், கருவி எல்லாம் முடித்தாக வேண்டும். மற்ற நேரம் முழுக்க இருட்டும் புழுக்கமும்தான். அப்போதுதான் கருவி அதிகம் தேவைப்படுகிறது. வேகம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, ஜாஸ்தி நேரம் ஓட வேண்டும். அதற்கு ஏதாவது செய்ய முடியுமா?

இன்னொரு தகவல். கருவியைப் பயன்படுத்துவோரின் எண்ணிக்கை ஆறிலிருந்து மூன்றாகக் குறைந்துவிட்டது. கேப்டனையும் இன்னும் இருவரையும் அவரவர் நாட்டுத் தூதரகம் இறக்கிவிட்டது. மெயில் கணினி இப்போது என் பொறுப்பு.

கேப்டன் படகில் இறங்கும்போது அழுதார். எங்களுக்காகவா, சந்தோஷத்திலா என்று தெரியவில்லை. மன்னித்துக்கொள், இது கருவியைப் பற்றியது இல்லை.

உன் அறிவு


அடி அண்ணாமலை
13 ஜூலை 2025

அறிவுச்செல்வன் அவர்களுக்கு,

அந்த மூன்று பேர் இறங்கும்போது நீங்கள் ஏன் இறங்கவில்லை என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் ஏற்பாடு உடைந்துவிடும். கேட்கவில்லை.

இரண்டாவது கோப்பு இத்துடன். கருவியின் மூளையை எப்போதும் முழு வேகத்தில் ஓட விடுவதால்தான் சார்ஜ் தீர்கிறது. வெயில் கட்டத்தில் அதற்கு அவ்வளவு வேகம் தேவையில்லை. சும்மா இருக்கும்போது தூங்கவும், மழை வரும்போது மட்டும் விழிக்கவும் கற்றுக்கொடுத்திருக்கிறேன். திரையின் வெளிச்சத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள். என் லேப்டாப்பில் வைத்துப் பார்த்த கணக்குப்படி ஒன்றரை மடங்கு நேரம் வரும். மழையிலும் முப்பது தொட வேண்டும். தொடவில்லை என்றால் எழுதுங்கள்.

ஏற்பாட்டை நானே மீறுகிறேன். அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். மாவுக்கட்டு போட்டிருக்கிறது. டாக்டர் மாதக்கணக்கு சொல்கிறார். அதே வாரம் என் பழைய கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். நவம்பரில் சேர வேண்டும், வீட்டிலிருந்து செய்வதற்கெல்லாம் அனுமதி இல்லை, நேரில் வந்தாக வேண்டும் என்றார்கள். அத்தையைக் கழிவறைக்குத் தூக்கிக்கொண்டு போகிற நேரத்தில்தான் அந்தப் போன் வந்தது. ஒரு கையால் அவரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பேசினேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை.

வேலைக்குப் போனால் இந்த நிரலைத் தொட எனக்கு நேரம் இருக்காது. அந்த வகையில் இதுவும் கருவியைப் பற்றியதுதான்.

மதிவதனி


கப்பலிலிருந்து
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மதி,

ஆறு வாரமாகப் பதில் எழுதாததற்கு மெயில் பழுதுதான் காரணம். வேறொன்றும் இல்லை. அம்மா நடக்கிறாரா? கால் எப்படி இருக்கிறது?

கருவி பிரமாதம். நீ சொன்ன மாதிரியே மழையில் முப்பது தொட்டது. சார்ஜும் நிற்கிறது. ஓட்டத்தில் இனி ஒரு குறையும் இல்லை.

இல்லை, ஒன்று இருக்கிறது. பாலத்தைத் தாண்டியதும் சத்தம் படத்தை முந்திக்கொள்கிறது. வண்டி வளைவதற்கு முன்பே ஹாரன் அடித்துவிடுகிறது. பெரிய குறை இல்லை, ஆனால் உறுத்துகிறது. நீ பார்த்தால் நன்றாக இருக்கும். அவசரமில்லை. நிதானமாகப் பார், ஆனால் பார்.

தண்ணீர்ப் படகு வந்து போனது. முருகையன் அண்ணன் தேவலை. மூன்றாமவரும் ஊர் போய்விட்டார், நாங்கள் இப்போது இருவர்தான். கருவிக்குப் போட்டி கம்மி.

உன் அறிவு


அடி அண்ணாமலை
14 செப்டம்பர் 2025

அறிவுச்செல்வன் அவர்களுக்கு,

என் லேப்டாப்பில் பாலத்தை இத்தனை தடவை தாண்டிவிட்டேன், அத்தைக்குக்கூட மனப்பாடமாகிவிட்டது. “இப்ப ஆரன் அடிப்பான் பாரு” என்கிறார். இங்கே சத்தம் முந்தவில்லை. உங்களிடம் மட்டும் முந்துகிறது என்றால் விவரமாகச் சொல்லுங்கள். மழையிலா, வெயிலிலா? விளையாட்டைத் தொடங்கியவுடனா, வெகுநேரம் ஆடிய பிறகா? மூலையில் அப்போது என்ன எண்?

‘உறுத்துகிறது’ என்பதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

மதிவதனி


கப்பலிலிருந்து
21 செப்டம்பர் 2025

அன்புள்ள மதி,

மழையிலும் வெயிலிலும். சில சமயம் உடனே, சில சமயம் வெகுநேரம் கழித்து. எண் முப்பதுதான் காட்டுகிறது. அடிக்கடி இல்லை, ஆனால் நிச்சயமாக இருக்கிறது. உன்னால் கண்டுபிடிக்க முடியாத குறை உலகத்தில் உண்டா?

வளைந்ததும் பச்சை வீடு வருமே, அங்கே குழந்தையின் அழுகைச் சத்தம்கூட முந்திக்கொண்டு கேட்கிறது.

உன் அறிவு


அடி அண்ணாமலை
19 அக்டோபர் 2025

அறிவுச்செல்வன் அவர்களுக்கு,

கண்டுபிடித்துவிட்டேன்.

சத்தத்தைச் சேர்த்து வைக்கும் இடத்துக்கும் படத்தைச் சேர்த்து வைக்கும் இடத்துக்கும் தனித்தனி கடிகாரம். கருவி தூங்கி விழிக்கும்போதெல்லாம் ஒன்று மற்றதைவிடத் துளி முன்னால் போகிறது. நான் தூங்கக் கற்றுக்கொடுத்ததால் வந்த வினை. ஒன்றரை மாதமாக சனி, ஞாயிறு முழுவதும் இதிலேயே போயிற்று. அத்தைக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க மனமில்லை. சென்னைக் கம்பெனியிடம் டிசம்பர் வரை தவணை கேட்டிருக்கிறேன். அத்தையின் கால் ஒரு காரணம். மற்றது, நீங்கள் அங்கே உறுத்தலோடு உட்கார்ந்திருக்கும்போது இதைப் பாதியில் விட்டுவிட்டுப் போக முடியவில்லை. நான் கோபமாக இருக்கிறேன் என்பதில் மாற்றமில்லை.

புதிய கோப்பை இணைத்திருக்கிறேன். உங்கள் மெயில் விழுங்குகிற அளவுக்கு மூன்று தடவை சுருக்கினேன். பழையதை அழித்துவிட்டு இதைப் போடுங்கள். பாலத்தைத் தாண்டிப் பார்த்து உடனே எழுதுங்கள்.

நாளை தீபாவளி. எனக்கும் அத்தைக்கும் ஒரு பாக்கெட் மைசூர்பாகு வாங்கியிருக்கிறேன்.

மதி


கப்பலிலிருந்து
22 அக்டோபர் 2025

என் மதி,

போட்டேன்! சத்தமும் படமும் இப்போது புதுமணத் தம்பதி மாதிரி ஜோடியாகப் போகின்றன. பாலத்தைத் தாண்டி, வளைவில் திரும்பி, பச்சை வீடு வரை ஒரு பிசிறு இல்லை. மூலையில் முப்பது அசையாமல் நிற்கிறது. முருகையன் அண்ணன் கைதட்டினார். “தங்கச்சி கையில இன்னாமோ கீது தம்பி” என்றார்.

தீபாவளிக்கு எனக்கு இதுதான் இனிப்பு. கடிதத்தில் ‘மதி’ என்று மட்டும் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். அதைப் பல தடவை படித்தேன்.

உன் அறிவு


அடி அண்ணாமலை
23 அக்டோபர் 2025

அறிவுச்செல்வன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்ததும் சந்தோஷத்தில் அத்தைக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பிறகு, அனுப்பிய கோப்பின் நகலை இதே நிரலை ஓட்டும் மற்றவர்களுக்கும் கொடுக்கலாம் என்று என் மெயிலைத் திறந்தேன்.

பத்தொன்பதாம் தேதிக் கடிதத்தோடு நான் கோப்பை இணைக்கவே இல்லை. மறந்துவிட்டேன். ‘இணைத்திருக்கிறேன்’ என்று எழுதிவிட்டு வெறும் கடிதத்தை அனுப்பியிருக்கிறேன்.

எதைப் போட்டீர்கள்? எதைப் பார்த்து முருகையன் அண்ணன் கைதட்டினார்?

என் காதில் எத்தனை நாளாகப் பூ சுற்றுகிறீர்கள் என்று தெரிய வேண்டும். செப்டம்பரா, ஆகஸ்டா, முதலிலிருந்தேவா? நான் இந்த வீட்டில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, மறு காலை எங்கே வைப்பது என்று தெரியாமல், இல்லாத ஒரு ஹாரன் சத்தத்தைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். உண்மையைத் தவிர எதையாவது எழுதுவதாக இருந்தால் எழுத வேண்டாம்.

மதிவதனி


கப்பலிலிருந்து
30 அக்டோபர் 2025

மதி,

கருவி என்னிடம் இல்லை. ஆகஸ்டு முதல் வாரத்திலிருந்தே இல்லை.

ஜூலைக் கடைசியில் தொட்டியில் துருப்பிடித்த வண்டல்தான் மிச்சம் இருந்தது. கம்பெனி பணம் கட்டாததால் தண்ணீர்ப் படகு வருவதில்லை. மழைத் தண்ணீர் பிடிக்கலாம் என்றால் நீ விளையாட்டில் பெய்ய விட்ட மழை ஒரு சொட்டுகூட இங்கே பெய்யவில்லை. வண்டலைத் துணியில் வடிகட்டிக் குடித்தோம். முருகையன் அண்ணனுக்கு மாத்திரை தீர்ந்து, காலில் இருந்த சின்னப் புண் பெரிதாகிக்கொண்டே போனது. பேச்சைக் குறைத்துவிட்டார். அவர் பேசாமல் இருந்ததுதான் எனக்குப் பெரிய பயம்.

ஒரு நாள் தனியார் படகு ஒன்று பக்கத்தில் போனது. சட்டையைக் கழற்றி ஆட்டிக் கூப்பிட்டோம். அவனிடம் தண்ணீர் இருந்தது, எங்களிடம் கொடுக்கப் பணம் இல்லை. என் போனைக் காட்டினேன், பழசு என்று தள்ளிவிட்டான். உள்ளே போய் உன் கருவியை எடுத்து வந்தேன்.

அவன் ஏமாளி இல்லை. ஓட்டிக் காட்டு என்று சைகை செய்தான். வேண்டுமென்றே மழைக் கட்டத்தைப் போட்டேன். வண்டி ஓர் இடத்திலும் நிற்கவில்லை. பாலத்தைத் தாண்டி, வளைவில் திரும்பி, பச்சை வீட்டுக்குப் பால் ஊற்றியது. அவன் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு தானே வாங்கி ஓட்டினான். சிரித்தான். அன்று தொட்டி நிறையத் தண்ணீர் இறக்கினான். மறுநாள் சொன்ன சொல் தவறாமல் மாத்திரையும் கட்டுத்துணியும் கொண்டுவந்தான். மே மாதத்து நொண்டலோடு காட்டியிருந்தால் அவன் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டான். அந்தத் தண்ணீர் நீ கொடுத்தது, மதி. இன்றுவரை அதைத்தான் குடிக்கிறோம்.

இதை அன்றே எழுதியிருக்கலாம். உட்கார்ந்தேன். கருவியைப் பற்றி மட்டும்தான் எழுதுவேன் என்றாய். கருவி இல்லை என்று எழுதினால் அதோடு உன் கடிதம் நின்றுவிடும். குறையில்லாமல் ஓடுகிறது என்று எழுதினாலும் நின்றுவிடும். அதனால் ஒரு குறையை உண்டாக்கினேன். நீ மூன்று கேள்வி கேட்டு எழுதிய நாளில், மூன்று கேள்வி கேட்டிருக்கிறாள் என்று சந்தோஷப்பட்டேன். ஒன்றரை மாதம் தேடுவாய் என்றும், வேலையைத் தள்ளிப்போடுவாய் என்றும் நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும்.

அறிவு


அடி அண்ணாமலை
2 நவம்பர் 2025

அறிவுச்செல்வன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்துக் குடிக்கப் போனேன். குடிக்க முடியவில்லை. அத்தைக்கு விஷயத்தைச் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. கேட்டுவிட்டு அவர் அழவில்லை. “அவன் சின்ன வயசுலேர்ந்து அப்படித்தாம்மா. பசிக்குதுன்னு வாயத் தொறந்து கேக்க மாட்டான்” என்றார்.

காரணம் நல்லதாக இருந்தால் பொய் மெய்யாகிவிடாது. ஏறும்போதும் மறைத்தீர்கள், ஏறிய பிறகும் மறைத்தீர்கள். அது அப்படியே இருக்கிறது. ஆனால் என் ஏற்பாடுதான் உங்களை அந்த மூலைக்குத் தள்ளியது என்பதும் எனக்குத் தெரிகிறது. அது என்னைத் தூங்கவிடவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும், உங்களுக்கு இந்தச் சந்தோஷத்தைக் கொடுக்க மனமில்லை என்றாலும். நீங்கள் கற்பனை செய்த குறையைத் தேடிப் போன இடத்தில் இருந்த குறை நிஜம். நான் சரிசெய்த பிறகு வேறு யாரெல்லாமோ, பல நாளாக இருந்த தொல்லை தீர்ந்தது என்று எழுதியிருக்கிறார்கள்.

இப்போது காரியம். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு வாங்குவார்கள். கப்பலில் நிலைமை இதுதான் என்று காட்ட என்னிடம் இருப்பது உங்கள் கடிதங்கள்தான். அவற்றில் பாதியில் ஜோடியாகப் போகும் சத்தமும் படமும் இருக்கின்றன. அதைப் போய் நான் யாரிடம் நீட்டுவேன்?

ஏற்பாட்டை மாற்றுகிறேன். இனி விளையாட்டைப் பற்றி ஒரு வரியும் கூடாது. தண்ணீர், சாப்பாடு, மின்சாரம், உடம்பு. இருப்பதை இருப்பது போல எழுதுங்கள். எனக்குப் பிடிக்காதது எதுவோ அதை முதலில் எழுதுங்கள்.

மதிவதனி


கப்பலிலிருந்து
16 நவம்பர் 2025

மதி,

பிடிக்காததை முதலில் எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

சென்ற வாரம் துறைமுக அதிகாரிகள் வந்தார்கள். இருவரில் ஒருவர் வீட்டுக்குப் போகலாம், கப்பலை ஆளில்லாமல் விட முடியாது, மற்றவர் மாற்று ஆள் வரும்வரை இருக்க வேண்டும் என்றார்கள். யார் என்பதை எங்களையே முடிவுசெய்யச் சொன்னார்கள். முருகையன் அண்ணனின் கால் இன்னும் ஆறவில்லை. கட்டைப் பிரித்தால் நாற்றம். நான் அவர் பெயரைச் சொன்னேன். அவர் என் பெயரைச் சொன்னார். அதிகாரி அவர் காலைப் பார்த்துவிட்டு என் பேச்சை எடுத்துக்கொண்டார்.

படகு கிளம்பும்வரை நல்லவனாக இருந்தேன். கிளம்பியதும் வாய்க்கு வந்தபடியெல்லாம் அவரைத் திட்டினேன். அவர் காதில் விழுந்திருக்காது. நான் ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று அன்று முழுவதும் தலையில் அடித்துக்கொண்டேன். இன்றும் அந்த எண்ணம் போகவில்லை.

இப்போது கப்பலில் நான் மட்டும். தண்ணீர் தொட்டியில் கால்வாசி. அரிசி இருக்கிறது, பருப்பு இல்லை. ஜெனரேட்டரை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறேன், மெயிலுக்காக. எடை குறைந்திருக்கிறேன், பேன்ட் கயிற்றில் நிற்கிறது. பல்லில் ரத்தம் வருகிறது. சத்தமாகப் பேசிக்கொள்ள ஆரம்பித்திருக்கிறேன், பெரும்பாலும் உன்னோடு. பயமாக இருக்கிறது.

இதை எழுதாமல் விட்டிருக்கலாம். விடவில்லை.

அறிவு


அடி அண்ணாமலை
4 டிசம்பர் 2025

அன்புள்ள அறிவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். உங்களை இங்கே வைத்துக்கொண்டு திட்ட வேண்டும்போல இருந்தது. முருகையன் அண்ணனை அனுப்பாமல் நீங்கள் இறங்கி வந்திருந்தாலும் திட்டியிருப்பேன். அதுவும் தெரியும்.

அவர் ஊர் வந்து சேர்ந்ததும் எனக்குப் போன் செய்தார். கடலூர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். காலைக் காப்பாற்றிவிடலாம் என்றார்களாம். “தம்பி திட்டனதெல்லாம் கேட்டுச்சிம்மா. திட்டட்டும், சொல்லு” என்றார். சொல்லிவிட்டேன்.

உங்கள் பதினாறாம் தேதிக் கடிதத்தை ஒரு வரிகூட மாற்றாமல், பல்லில் வரும் ரத்தம் உட்பட, மனுவோடு கொடுத்தேன். வாங்கிய அதிகாரி அம்மா முழுதாகப் படித்தார். மேலே அனுப்புகிறோம் என்றார், எப்போது என்று சொல்லவில்லை. நானும் அடுத்த திங்கட்கிழமை வருகிறேன், அதற்கடுத்த திங்கட்கிழமையும் வருகிறேன் என்றேன். இதற்கு மேல் கையில் ஒன்றும் இல்லை. இருப்பதாகச் சொன்னால் பொய்.

நேற்று தீபம். மலையில் ஏற்றியதைப் பார்த்துவிட்டு வாசலில் விளக்கு வைத்தோம். அத்தை கைத்தடியை ஊன்றி வாசல்வரை வந்துவிட்டார். பிறகு லேப்டாப்பில் பால்வண்டியைப் போட்டேன். என் திருத்தங்கள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, மே மாதத்தில் உங்களிடம் ஓடிய மாதிரி மழையில் பதினேழில் ஓட விட்டேன். வண்டி நகர்வதற்குள் நமக்குக் கழுத்து வலிக்கிறது. அத்தை பச்சை வீடு வரை பொறுமையாகப் பார்த்தார். “இந்த வண்டிய வச்சிக்கினா எம்புள்ள அங்க அத்தினி நாள ஓட்னான்?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே, “என்ன வச்சிக்கினு நீ ஏம்மா இங்க குந்திகினு கெடக்குற? கெளம்பு, நானும் வரேன். அவன் வரப்போ வூடு எங்க இருந்தா இன்னா?” என்றார். சென்னையில் பதினாறாம் தேதி சேருகிறேன். மனுவுக்காகத் திங்கட்கிழமைகளில் மட்டும் விடுப்பு கேட்டிருக்கிறேன்.

தினமும் எழுதுங்கள். எழுத ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை என்று எழுதுங்கள். குறை எதையும் உண்டாக்க வேண்டாம், நான் எழுதுவதற்கு இனி அது தேவையில்லை.

இந்தக் கடிதத்தோடு கோப்பு எதுவும் இல்லை. மறக்கவில்லை.

உங்கள் மதி